குளிர்ந்த சுவர்

பழவேற்காடு,
பிரமோதூத வருஷம், ஆவணி மாதம்.

ஆரம்பாக்கத்தில் இருக்கும் அன்புள்ள மணியம்மாள் அக்காவுக்கு, துணிக்கிடங்கு தருமலிங்கத்தின் மகள் லோகாம்பாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீங்களும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் உங்கள் வீட்டுக்காரர் துளசிங்கம் மாமாவும் நலமாயிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான் என்றீர்கள். அதனால் மாமா, முதலில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதை அக்காவுக்குக் கேட்கும்படி உரக்கப் படியுங்கள். நடுவில் கோபம் வந்தாலும் நிறுத்தாமல் கடைசி ஓலை வரை படியுங்கள்.

ஊர்ச் செய்தி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒல்லாந்தர்கள் தங்கள் தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றுகிறார்கள். அவர்களுடைய துணிக்கிடங்கு பாதி காலியாகிவிட்டது. நான் படிக்கும் உபதேசியார் பள்ளியிலும் பிள்ளைகள் குறைந்து, இப்போது உட்காரும் பலகையில் எனக்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது. கிடங்கு வேலையைத் தொடர என் நைனாவும் அங்கே போயாக வேண்டும். அதற்காகத்தான் வீட்டை விற்கிறோம் என்று அவர் உங்களிடம் சொன்னது உண்மை. சொல்லாமல் விட்டதைத்தான் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனி மாதம் நீங்கள் வீடு பார்க்க வந்தபோது பின்னறைச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றீர்கள். வெளியே அனல் வீசியது. எங்க ஊர் வெயிலுக்குப் பயந்து இது வெளியவே வராது போலிருக்குது, இந்த அறைன்னா தானா வந்துடும்னு வயிற்றைத் தட்டிச் சொன்னீர்கள். பிரசவம் இந்த அறையில்தான் என்று அப்போதே முடிவு செய்தீர்கள். எல்லோரும் சிரித்தோம். நைனா மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா, அந்தச் சுவர் குளிர்ந்திருப்பது ஈரத்தால். ஏரித்தண்ணீர் அடியிலிருந்து ஏறி, உப்புப் பூத்து, உள்ளே செங்கல் மாவாகிவிட்டது. விரலால் சுரண்டினாலே உதிரும். நீங்கள் வருவதற்கு முன்பு நைனா அதன்மேல் சிப்பிச் சுண்ணாம்பு பூசினார். பானையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

மாமா கொல்லையில் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாரே, அதையும் சொல்ல வேண்டும். வெற்றிலை போட்டு முடித்து வந்து பார்த்தும் தண்ணீர் வற்றவில்லை. மண்ணு கெட்டி, மனை யோகமானதுன்னு மாமா சந்தோஷப்பட்டார். உங்கள் வயல்பக்கத்து மண்ணுக்கு அந்தச் சோதனை சரியாக இருக்கலாம். இங்கே தரைக்கு அடியிலேயே ஏரி இருக்கிறது. கீழே இறங்க இடமில்லாமல்தான் தண்ணீர் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் வலை உலர்த்திக்கொண்டிருந்த வேதாசலம் பெரியப்பா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நைனா அவசரமாகக் குழியை மூடினார்.

இனி எழுதுவதுதான் முக்கியம். போன கார்த்திகையில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தது. ஆற்று வெள்ளம் கடலுக்குப் போக வழியில்லாமல் ஏரி ஊருக்குள் ஏறியது. பக்கத்து ஊரான பசியாவரத்து ஆட்கள் மணலை வெட்டி வழி திறப்பதற்குள் எங்கள் பின்னறையில் கணுக்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அரிசிப் பானையை எடுக்கப் போன அம்மாவின் மேல் அந்தச் சுவர் சரிந்தது. அம்மா ஏன் நொண்டுகிறாள் என்று நீங்கள் கேட்டபோது, தோணிரேவில் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தாள் என்று நைனா சொன்னார். அம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். விழுந்த செங்கலையே மறுபடி அடுக்கி அந்தச் சுவரை எழுப்பியிருக்கிறோம்.

நைனாவைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். கிடங்கில் ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பழுது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. ஓர் இழை அறுந்திருந்தாலும் தனியே எடுத்து வைத்துவிடுவார். துணிக்குச் சொல்வதை வீட்டுக்குச் சொல்லக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். துணியைத் திருப்பி அனுப்பினா நெய்தவன் வேற நெய்வான், இந்த வீட்டைத் திருப்பினா நான் இன்னா பண்ணுவேன், நீயே சொல்லும்மான்னார்.

அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு எழுதுகிறேன். திட்டுவாள் என்று நினைத்தேன். எழுதறதுன்னு ஆச்சு, என் காலையும் சேர்த்து எழுதுன்னு சொன்னாள். எழுத்து தெளிவாகத் தெரிய ஓலைகளில் கரி தடவித் தருபவளும் அவள்தான்.

அக்கா, வீடு வேண்டும் என்றால் அந்தச் சுவரை அடிவரை இடித்துப் புதுச் செங்கல்லில் கட்டுங்கள். அதுவரை அந்த அறையில் யாரும் படுக்காதீர்கள். வேண்டாம் என்றால், மாமா, சண்டை போடாமல் சொல்லுங்கள். வேறு இடம் அமைந்துவிட்டது என்று சொன்னால் போதும். அதுவும் பொய்தான் என்று தெரிகிறது. ஆனாலும் ஊரார் முன்னால் நைனா தலைகுனிந்து நிற்பதை நான் பார்க்க வேண்டாம்.

வீடு விற்காவிட்டால் நைனா மட்டும் நாகப்பட்டினம் போவார். நானும் அம்மாவும் மழைக்காலத்தை இங்கேயே கழிப்போம். முன்னறையில் படுத்துக்கொள்வோம். அதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம்.

உப்பு ஏற்றிவரும் தேசப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே சொல்லியனுப்புங்கள். நைனா கிடங்கிலிருக்கும் நேரத்தில் என்னிடம் சொல்லச் சொல்லுங்கள்.

உங்களுக்குக் கார்த்திகையில் பிள்ளை பிறக்கும் என்றீர்கள். அது காய்ந்த தரையில், காய்ந்த சுவருக்குள் பிறக்கட்டும். உங்கள் ஊர் வெயிலுக்குப் பயப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாக அதனிடம் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை போன்ற,
லோகாம்பாள்