நீங்கள் அணைக்காத சூடம்

மேடத்துக்கு,

இன்று காலை அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த வாசனை வந்தது. மலையிலிருந்து இறங்கிய லாரி ஒன்று ஓரமாக நின்றிருந்தது. கருகிய பிரேக்கின் வாசனை. பக்கத்தில் நின்ற பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உங்கள் முகம் வந்தது. டிரைவர் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். இந்த ஆள் வளைவில் நியூட்ரல் போட்டிருப்பாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பின் தெரியாதவர்களைச் சந்தேகமாகப் பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள குணம். அதை ஒரு குறையாகச் சொல்லாத ஒரே ஆள் நீங்கள்தான்.

அந்தச் சந்தேகத்துக்கு நீங்களும் தப்பவில்லை. நினைவிருக்கிறதா? சேலத்துக் காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவர், மலை இறங்கும் வண்டிகளின் பிரேக் எப்படிச் சூடாகிறது என்று கண்டுபிடிக்க சாஃப்ட்வேர் எழுதுகிறவர் என்று காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டுக்காரர் அந்த எஸ்டேட் பிக்கப்பில் காப்பி மூட்டை ஏற்றிச் சேலத்துக்கு இறக்குகிறவர். அவருடைய போனில் ஒரு ஆப் போட வேண்டும் என்று மலைமேல் வெள்ளக்கடை ஊரில் எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள்.

"ஏனுங்க மேடம், அந்தப் போன்லதானுங்க எங்க பணமெல்லாம் இருக்குது. மளிகைக்கு, கேஸுக்கு, கோயில் உண்டியலுக்குக்கூட அதுலதான் ஸ்கேன் பண்றோம். அதுல வெளியாளு ஆப்பு எதையும் போட உடமாட்டனுங்க."

நீங்கள் முகம் சுருங்குவீர்கள் என்று பார்த்தேன். "சரியாச் சொன்னீங்க அக்கா. யார் வந்து கேட்டாலும் இதையே சொல்லுங்க. நாளைக்கு நானே மறுபடி வந்து கேட்டாலும் சொல்லுங்க" என்று சிரித்துவிட்டு, அடுத்த தடவை காலேஜ் போன் ஒன்றைக் கொண்டுவந்து வண்டியின் டேஷ்போர்டில் ஒட்டினீர்கள். நான் அதையும் விடவில்லை.

"இது நாங்க பேசறதக் கேக்குமுங்களா?"

"இல்லீங்க்கா. வண்டி குலுங்கறது, இறங்கறது, நிக்கறது, இன்ஜின் சத்தம். அவ்வளவுதான்."

"இன்ஜின் சத்தம் கேக்கற காதுக்கு நான் பேசறது மட்டும் கேக்காதுங்களா?"

"கேக்குந்தான். ஆனா பேச்ச வெச்சுக்காம தூக்கிப் போடற மாதிரி எழுதியிருக்கறேன்."

"எழுதுனதும் நீங்கதானுங்களே?"

"ஆமாங்க்கா. அதனால நீங்க சந்தேகப்படறதே நல்லது."

எங்கள் வீட்டுக்காரர் தினமும் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார். நான் ஜன்னல் வழியாகச் சோற்றுப் பெட்டியை நீட்டுவேன். "இன்னைக்கும் கீரைதானாடி?" என்று கேட்கிற மனிதர், அந்தப் போன் ஒட்டியபிறகு, "சாப்பாடு கொண்டாந்தீங்களா, நொம்ப நன்றிங்க" என்று ரேடியோவில் பேசுகிறவர் மாதிரி பேச ஆரம்பித்தார். கல்யாணம் ஆகி அவர் வாயிலிருந்து எனக்கு 'ங்க' கிடைத்தது உங்கள் ஆராய்ச்சி நடந்த அந்தச் சில மாதங்களில்தான்.

பிறகு நீங்கள் அடிக்கடி வந்தீர்கள். சாப்பிடுவீர்கள். வரவுசெலவு எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஆரம்ப வகுப்போடு படிப்பு நின்றுபோன நான் பிள்ளைகளின் பழைய புத்தகங்களை வைத்து எழுதப் படித்துக்கொண்ட கதையைக் கேட்பீர்கள். ஆனால் பூஜை அறைப் பக்கம் போனால் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுவிடுவீர்கள். திருநீறு நீட்டினால் கும்பிட்டுவிட்டு விலகிக்கொள்வீர்கள். அப்படிப்பட்டவர் ஒரு மழை மதியத்தில் ஈரக் குடையோடு வந்து சொன்னீர்கள்:

"அக்கா, பாதி மலையில வளைவோரமா முனியப்பன் இருக்காருல்ல, அண்ணன தினமும் அங்க வண்டிய நிறுத்திச் சூடம் ஏத்தச் சொல்லுங்க. சூடம் தானா எரிஞ்சு முடியற வரைக்கும் வண்டிய எடுக்க வேண்டாம். கட்டி மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."

எனக்குச் சுரீர் என்றது. சாமி கும்பிடாத வாய் சூடம் ஏற்றச் சொன்னால் அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது. "என்ன பாத்தீங்கன்னு சொல்லாம இங்கிருந்து எந்திரிக்க முடியாதுங்க மேடம்" என்றேன்.

லேப்டாப்பைத் திறந்தீர்கள். அதில் நம் மலைப் பாதை வளைந்து வளைந்து கிடந்தது. "இதுக்குச் சிமுலேஷன்னு பேருங்க்கா. நிஜ ரோடு மாதிரியே கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ரோடு. வண்டிகள்ல ஒட்டுன போன் சொன்னத வெச்சு, அதே வண்டிய அதே பாரத்தோட இங்க ஓட்டிப் பாக்கறது. இங்க என்ன ஆனாலும் யாருக்கும் அடிபடாது." ஒரு சின்னப் பெட்டி நகர்ந்தது. இறக்கம் வந்ததும் அதன் சக்கரம் மஞ்சளானது, ஆரஞ்சானது, சிவந்தது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, பாரம் முழுக்கப் பிரேக்கின் தலையில்தான் விழும், நடுவில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் பிரேக் ஆறிவிடும் என்றீர்கள். பாதி மலை தாண்டிய ஒரு வளைவில் பெட்டி திரும்பவில்லை. நேராகப் போய்க் காணாமல் போனது.

"இது யாரு வண்டி?"

"ஏழாம் வண்டி. யாருதுன்னு கேக்காதீங்க அக்கா. எந்த டிரைவர் பேரையும் நான் வெளிய சொல்லக்கூடாது."

"திரும்ப ஓட்டுங்க" என்றேன். நீங்கள் முதலிலிருந்து ஓட்டினீர்கள். எஸ்டேட்டிலிருந்து கிளம்பிய பெட்டி மேட்டில் ஏறியது. கடை இல்லாத, ஸ்டாப் இல்லாத ஓர் இடத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு கிளம்பியது. அந்த நிறுத்தம் என் சோற்றுப் பெட்டி, மேடம். உங்கள் ஆராய்ச்சிக்குள் நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

லேப்டாப்பை மூடினீர்கள்.

எனக்கு இரண்டு பயமும் ஒன்றாக வந்தது. ஒன்று அந்த வளைவு. இன்னொன்று எஸ்டேட். நியூட்ரல் போட்டது தெரிந்தால் அடுத்த நாளே சாவியை வாங்கிவிடுவார்கள். வண்டியில் போனை ஒட்ட அனுமதி கொடுத்ததே அவர்கள்தான். அதில் பதிந்ததைக் கேட்டால் கொடுத்துவிட மாட்டீர்களா? பூஜை அறையிலிருந்து தட்டை எடுத்துவந்து சூடத்தைக் கொளுத்தி உங்கள் முன்னால் வைத்தேன்.

"எஸ்டேட்டுக்குச் சொல்லமாட்டேன்னு இதைய அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க."

சூடம் எரிந்தது. உங்கள் கை மடியிலேயே இருந்தது.

"பண்ண மாட்டனுங்க அக்கா. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. நான் இதை அணைச்சா எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கறவ. அப்பறம் அந்தச் சத்தியத்த வெச்சு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அப்பிடின்னா சொல்லிருவீங்க."

"சொல்லமாட்டேன். ஆனா அதை நீங்க நம்பணும்னு நான் கேக்கல."

சூடம் தானாக எரிந்து முடிந்து தட்டில் கரி மட்டும் மிஞ்சியது. மழைக்குள் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனீர்கள். நம்பினேனா என்றால், இல்லை. அதன்பிறகு ரைட்டர் இவரைக் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும், சாவியைக் கேட்கத்தானோ என்று இவர் திரும்புகிறவரை வாசலிலேயே நின்றேன். நீங்கள் அடுத்து வந்தபோது சோறு போட்டேன், ஆனால் கண்ணைப் பார்த்துக்கொண்டே போட்டேன். அதற்கும் நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரரிடம் வேண்டுதல் என்று சொன்னேன். பிள்ளைகளுக்காக முனியப்பனுக்குத் தினமும் சூடம், அணைகிறவரை வண்டியை எடுக்கக்கூடாது, மலை இறங்கும்போது நியூட்ரல் கூடாது, போட்டால் வேண்டுதல் பலிக்காது. "முனியப்பன் எப்படி கியரைப் பத்திப் பேசுனாரு?" என்று கேட்டார். "பேசுனாருங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

ஒரு சாயங்காலம் பேயறைந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். சூடம் ஏற்றிவிட்டு வண்டிப் பக்கம் திரும்பியிருக்கிறார். பின் சக்கரத்திலிருந்து குபுகுபுவென்று புகை. வேண்டுதலில் கியரை மட்டும் மறந்து, அவசரத்தில் அன்று நியூட்ரலில் இறக்கியிருக்கிறார். "நிறுத்தாமப் போயிருந்தன்னா அடுத்த வளைவுல..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். மறுநாள் முனியப்பனுக்குச் சேவல் கொடுத்தோம்.

முனியப்பன்தான் உங்கள் வாயில் வந்து பேசினார் என்று உங்களிடம் சொன்னேன். "அப்படியே இருக்கட்டுங்க்கா. ஆனா செகண்ட் கியர்னு அடிக்கடி சொல்லச் சொல்லுங்க அவர" என்றீர்கள். அன்றைக்குத்தான் நாம் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். உங்கள் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் உங்கள் தம்பி பேசினார், நீங்கள் இனி இல்லை என்று. அன்று உங்களுக்காகப் பூஜை அறையில் விளக்கேற்றினேன். பிடிக்காது என்று தெரியும். அதை எடுத்துவந்து நிலைப்படிக்கு வெளியே, நீங்கள் நிற்கிற இடத்தில் வைத்தேன்.

போன மாதம் ஒருவர் வந்தார். உங்கள் வேலையை இப்போது தான் செய்வதாகச் சொன்னார். நல்ல சட்டை, நல்ல பேச்சு.

"மேடம் எல்லாத்தையும் அழகா எழுதி வெச்சிருக்காங்கம்மா. ஏழாம் வண்டி எது, ஓட்டுனது யாருங்கறது மட்டும் எங்கயுமே இல்ல. அவங்க கம்ப்யூட்டர்ல இல்ல, காலேஜ்ல இல்ல, எஸ்டேட்ல கேட்டாலும் தெரியலைங்கறாங்க. நீங்க அவங்களுக்கு நொம்பப் பழக்கமாமே?"

"தெரிஞ்சு என்னங்க பண்ணப்போறீங்க?"

"சும்மா, ஆராய்ச்சிக்குத்தான்."

"எஸ்டேட்டுக்குப் போகாதுங்களே?"

"சேச்சே, நம்புங்கம்மா."

தட்டைக் கொண்டுவந்து சூடத்தைக் கொளுத்தினேன். சத்தியம் பண்ணுங்க என்று நான் சொல்லி முடிப்பதற்குள், தட்டு கீழே படுவதற்குள், படாரென்று உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, "இப்ப சொல்லுங்க" என்று சிரித்தார்.

"ஏழாம் வண்டியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க தம்பி. காப்பி ஆறுது, குடிங்க" என்றேன்.

அவர் போனபிறகு அந்தத் தட்டை நெடுநேரம் தேய்த்தேன். 'எங்கயுமே இல்ல' என்று அவர் உங்கள் மேல் குறையாகச் சொன்னது காதிலேயே நின்றது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஹாரன் கேட்கிறது. சோற்றுப் பெட்டியோடு சூடத்தையும் கொடுக்க வேண்டும். இப்போதெல்லாம் பெரிய கட்டியாகத்தான் வாங்குகிறேன். வண்டி திருப்பத்தைத் தாண்டுகிறவரை வாசலில் நின்று, அது செகண்ட் கியரில் முனகுகிறதா, இல்லை மூச்சை விட்டுவிட்டுச் சும்மா உருளுகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்பேன். அவருக்கு அது தெரியும். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே கத்துவார்.

"என்னடி, இன்னுமா நம்பிக்கை வரல?"

"வரலைங்க" என்பேன்.