மேலும் கீழும் இல்லாத விளக்கு

இன்று காலை குளித்துவிட்டு வந்து கொடியில் கை வைத்தேன். துண்டுகள் இப்போதெல்லாம் பழைய இடத்தில் இருப்பதில்லை. ஒன்று பச்சை, வெளியே போகும்போது தோளில் போட்டுக்கொள்வது. இன்னொன்று செங்கல் நிறம், கடையில் கிரீஸ் துடைப்பது. எது எது என்பதுதான் எனக்குத் தெரியாது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். நம் மகள் நன்றாகத் துவைத்திருக்கிறாள், இரண்டிலும் சோப்பு வாசனைதான். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அங்கேயே நின்றேன்.

நீ இருந்தால் அடுப்பங்கரையிலிருந்தே குரல் கொடுத்திருப்பாய். "இந்தாங்க, அந்தப் பச்சைத் துண்டு, செவுத்தோரமா கீறது, அத்த எடுத்துப் போட்டுக்கினு போங்க."

செவுத்தோரமா கீறது. நீ போய் இரண்டு வருடம் ஆன பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை காலமும் நீ ஒரு நிறத்தின் பெயரை என்னிடம் தனியாகச் சொன்னதே இல்லை. கூடவே ஒரு இடத்தையும் சொல்வாய். "செவப்பு டப்பா, மேல் தட்டுல கீறது." "பளுத்த தக்காளி, கூடையில இந்தப் பக்கமா கீறது." உங்கள் ஊர்ப்பக்கம் இப்படித்தான் பேசுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ரயில்வே வேலைக்குப் போய்த் திரும்பி வந்த கதை உனக்குத் தெரியும். எழுத்துத் தேர்வில் தேறினேன். கண் பார்க்கும் அறையில் ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்தார்கள். பக்கம் முழுக்கப் புள்ளிகள். உள்ளே என்ன எண் இருக்கிறது என்று கேட்டார்கள். எண்ணே இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து, "சிபாரிசு இல்லாதவனுக்கு இன்னா கெடைக்கும்" என்று சொல்லிவிட்டேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். அது என் கண், சிவப்பும் பச்சையும் அதற்கு ஒன்றுதான். அதைப் பற்றி யாருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்றுதான் அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

பிறகு யாரிடமும் போய் நிற்காமல், பழைய மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து நானே தொழில் கற்றேன். உத்திரமேரூர் கடைத்தெருவில் பம்புசெட் ரிப்பேர் கடை போட்டேன். எந்த ஒயரையும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் தொடமாட்டேன். "ஒயரு கலரு பொய் சொல்லும்" என்று வருகிறவர்களிடம் சொல்வேன். அனுபவஸ்தன் பேச்சு என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

மத்தியானம் சோறு கொண்டுவந்து கடையில் உட்காருவாயே, அதில் ஒரு நாள் ஞாபகம் வருகிறது. ஒரு மோட்டாரைத் திறந்து வைத்துக்கொண்டு நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். நீ தூக்குவாளியைத் திறந்தபடி, "அந்தச் செவப்பு ஒயரு, உங்க எடது கைப்பக்கம் கீறது, அது இன்னாத்துக்குங்க?" என்று கேட்டாய். ஒன்றும் தெரியாத பெண்பிள்ளைக்கு விளக்குவதுபோல நான் அது எதற்கு என்று உனக்குப் பாடம் சொன்னேன். நீ கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். யாருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இப்போது தெரிகிறது.

நம் பேரன் பிறந்த பிறகு அவனுக்கும் அதையே செய்தாய். அவனுடைய வண்ணக் குச்சிகளை எப்போதும் ஒரே வரிசையில் டப்பாவில் அடுக்கி வைப்பாய். வேறு யாராவது மாற்றி அடுக்கினால் உனக்குக் கோபம் வரும். அவன் மரத்துக்குப் பச்சை அடித்தான், பூவுக்குச் சிவப்பு அடித்தான், பள்ளிக்கூடத்தில் கைதட்டு வாங்கினான்.

அந்தப் பையனுக்கு ஆகாய விமானம் என்றால் உயிர். சென்னையில் இறங்கப் போகும் விமானங்கள் நம் ஏரிக்கு மேலே தாழ்ந்து போகும்போது சாப்பாட்டுத் தட்டோடு ஓடுவான். பதினோராம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னான். "ஆயா, பிளேனுக்கு எடது ரெக்கையில செவப்பு வெளக்கு, வலது ரெக்கையில பச்சை வெளக்கு. அத வச்சே அது வருதா போவுதான்னு கண்டுபிடிச்சிடலாம்."

நீ கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தினாய். "நீ பாத்தியாடா கண்ணு?"

"புக்குல கீது ஆயா."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் கை ஏன் நின்றது என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். அவன் கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண்ணோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான். விமானம் ஓட்டப் படிக்கும் பள்ளியில் சேருவதற்கு முன்னால் எழுத வேண்டிய தேர்வுகளுக்காகத் தாம்பரத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தான். விடிந்தும் விடியாமலும் செங்கல்பட்டு பஸ், அங்கிருந்து ரயில். மேகத்துக்கு ஒரு தடிமனான புத்தகம், திசை பார்ப்பதற்கு ஒன்று. மொட்டை மாடியில் உலாத்திக்கொண்டே ஒப்பிப்பான். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று அவன் சொல்ல, கீழே நான் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டே கேட்பேன். வாலாஜாபாத்தில் அரிசி மண்டி வைத்து அங்கேயே தங்கிவிடும் நம் மாப்பிள்ளை, தாமல் பக்கத்து நிலத்தை விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டார். உடம்புச் சோதனை ஒன்றுதான் பாக்கி.

சென்னையில் அதை முடித்துவிட்டு எனக்குத்தான் முதலில் போன் செய்தான். "தாத்தா, ஒரு புக்கக் காட்னாங்க. ஃபுல்லா புள்ளியா கீது. நம்பர் சொல்லுன்றாங்க. ஒண்ணுமே இல்ல தாத்தா அதுல."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். என்னை அன்று அந்த அறையில் உட்கார வைத்த அதே புத்தகம்.

வீட்டுக்குப் போனேன். மகள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவளுக்கும் போன் வந்திருந்தது.

"என்னாட்டமே அவனுக்கும் கண்ணு. எப்பிடி மே வந்திச்சி இது?" என்றேன்.

அவள் ஆச்சரியப்படவே இல்லை. என் கண்ணைப் பற்றி அவளிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

"தெரியும் நைனா."

"இன்னா தெரியும்?"

"இவன் சின்னப் பையனா கீறப்போ, அம்மாவுக்குக் கண் ஆபரேசன் பண்ண முகாமுல, அம்மா டாக்டர்கிட்ட கேட்டுச்சி. தாத்தாவோட கண்ணு பொண்ணு வழியா பேரனுக்கு வரலாம்னு சொன்னாரு. பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, சொமந்து குடுக்கறதோட சரின்னாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னுச்சி அம்மா."

"ஏன்?"

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ஒங்களுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சி பூடும்னு."

இதற்குத்தான் இந்தக் கடிதம். நீ எதிரே இருந்தால் தெருவே கேட்கும்படி சண்டை போட்டிருப்பேன். பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய். மகளிடம் கத்தினால் அவள் அழுகிறாள், சுவரிடம் கத்தினால் அது சும்மா நிற்கிறது.

என் மனசு உடையாமல் இருப்பதற்காக அந்தப் பையனை ஏன் ஏமாற்றினீர்கள்? அவனுக்குப் பத்து வயதில் தெரிந்திருந்தால், அழுதுவிட்டு வேறு எதையாவது பிடித்துக்கொண்டிருப்பான். நான் பிடித்துக்கொள்ளவில்லையா? என் கண் பேரனுக்குப் போகும் என்று எனக்கு யார் சொன்னது? தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேன். தெரிந்தவள் நீ. கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாய்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது என்றார்கள். பெங்களூரில் விளக்கு வைத்து ஒரு சோதனை. அதில் தேறினால் போதுமாம். பையன் தெம்பாகிவிட்டான். "செங்கல்பட்டு சிக்னல்ல நா கரெக்டா சொல்றேன் தாத்தா. இதுவும் வெளக்குதான?" சிக்னலில் நானும் சரியாகத்தான் சொல்வேன், மேலே எரிந்தால் சிவப்பு, கீழே எரிந்தால் பச்சை.

கூட நான்தான் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனவன் சீக்கிரமே வந்துவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து, கால் செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

"ரூமு ஃபுல்லா இருட்டு தாத்தா. ஒரே ஒரு வெளக்கு, குண்டூசித் தலை மாரி. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. எத வச்சி சொல்றது?"

இடம் சொல்லி இடம் சொல்லி எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாயே, அந்த இருட்டில் வந்து அவனுக்கு எந்த இடத்தைச் சொல்லியிருப்பாய்?

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. புத்தகங்களைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டான். மொட்டை மாடிக்குப் போவதில்லை. விமானச் சத்தம் கேட்டால் காதில் ஒயரை மாட்டிக்கொள்கிறான். நம் வீட்டுக்கு மேலே அது எத்தனை தடவை போகிறது என்று இப்போதுதான் தெரிகிறது. அது கடந்து போகும்வரை மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவன் என் கண்ணைத்தான் பார்ப்பதுபோல எனக்குத் தோன்றுகிறது. வேறு வீடு எதுவும் இல்லை, எழுந்து போக.

போன வாரம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகள் அவனிடம் சொன்னாள். "டேய், அந்தப் பளுத்த மொளகா, தட்டு ஓரமா கீது பாரு, அத எடுத்துக் கீழ போட்று. காரம்."

உன் குரலே வந்ததுபோல இருந்தது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. தட்டைத் தள்ளிவிட்டேன்.

"எடத்தச் சொல்லாத! செவப்பு மொளகான்னு மட்டும் சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு அவன் வாயால சொல்லட்டும். இந்த வூட்டுல இனிமே எவனுக்கும் எடம் சொல்லக் கூடாது."

மகள் என் தட்டை மறுபடி என் முன்னால் இழுத்து வைத்தாள். மெதுவாக, "செவப்பு மொளகாய எடுத்துப் போட்று" என்றாள்.

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு விரலால் மிளகாய்களைப் புரட்டிவிட்டு, "தெரியலம்மா" என்றான். நம் வீட்டில் அந்த வார்த்தையை ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு என் பக்கம் தட்டை நகர்த்தினான். "நீ சொல்லு பாக்கலாம். பெருசா கத்தறியே."

குனிந்து பார்த்தேன். எல்லாம் மிளகாய்தான்.

"எனக்கும் தெரியலடா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சிரித்தான். மகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், சிரித்தாளா அழுதாளா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் பையன் மறுபடி காதில் ஒயரோடு படுத்துக்கிடந்தான். ஒரு சிரிப்பில் எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

நான் சொன்னதை மகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இப்போது எதையும் பழைய இடத்தில் வைப்பதில்லை. இன்று கொடியில் துண்டுகள் மாறிக் கிடந்ததும் அதனால்தான். ஈரத் தலையோடு நின்றவன், கடைசியில் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். "பாப்பா, இதுல பச்சை எதுன்னு எனக்குத் தெரில. வந்து சொல்லு."

உன்னிடம் ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை. நீ கேட்க விட்டதுமில்லை. அறைக்குள்ளிருந்து பையன், "என்னையும் கேக்காத தாத்தா" என்று குரல் கொடுத்தான்.

மகள் ஈரக் கையோடு வந்து ஒரு துண்டை எடுத்து, "இது பச்சை நைனா" என்று தோளில் போட்டுவிட்டுப் போனாள். அதைப் போட்டுக்கொண்டுதான் கடைக்கு வந்து இதை எழுதுகிறேன். உன்மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டதாக நீ நினைத்துக்கொள்ளாதே.

ஆனால் அவள் எடுத்துக் கொடுத்தது செவுத்தோரத்தில் இருந்த துண்டு இல்லை. அவளைக் கூப்பிடுவதற்கு முன்னால் என் கை போய் நின்றது செவுத்தோரத்தில்தான். நாளைக்கும் அங்கேதான் போகும்.