குழாய்ச் சத்தம்

ஜூன் 30, திங்கள்

என் தையல்காரிக்கு,

நான் சௌக்கியம். நீயும் சின்னதும் எப்படி இருக்கீங்க? இந்த மறுவாழ்வு இல்லத்துல சாப்பாடு பரவாயில்லை, உப்புக்குத்தான் பஞ்சம். செல்போனை வாசல்லயே வாங்கி வச்சுக்கிட்டாங்க. நல்லதுதான். அதுலதானே ராப்பகலா சீட்டாடி, உன் தையல் மிஷின் வரைக்கும் தொலைச்சேன். இனி ஆபீஸ் போன்தான். ஞாயித்துக்கிழமை ஆளுக்குப் பத்து நிமிஷம்.

சிரிக்காதே, இங்க கவிதை வகுப்பு நடக்குது. திங்கக்கிழமை ஒரு வாத்தியாரம்மா வர்றாங்க. "ஆடணும்னு கை பரபரக்கும்போது எழுதுங்க, அடங்கற வரைக்கும் எழுதுங்க"ங்கிறாங்க. லிப்ட் ரிப்பேர் பண்றவனுக்கு இதெல்லாம் தேவையான்னு நானும் முணுமுணுத்தேன். நேத்து கை பரபரத்துச்சு. ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு உள்ளேருந்து கதவைத் தட்டுற ஒருத்தனைப் பத்தி எழுதினேன். முடிக்கும்போது சீட்டு ஞாபகமே இல்லை, சத்தியமா. வாரம் ஒரு கவிதையை வாத்தியாரம்மா எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிப் பலகையில குத்தி வைப்பாங்க. என்னுது இன்னும் ஏறலை.

ஞாயித்துக்கிழமை பேசறேன். போன் பக்கத்துலயே இரு.

உன் லிப்ட்காரன்

ஜூலை 13, ஞாயிறு

லிப்ட்காரருக்கு,

கல்யாணம் ஆனதுலேருந்து எனக்கு ஒத்தை வரி எழுதாத மனுஷன் கவிதை எழுதுறாராமே! கம்பெனியில சொன்னேன். காலர் தைக்கிற பொம்பளைங்க பூரா, "உன் வீட்டுக்காரரை எங்க சூப்பர்வைசர் மேல ஒண்ணு எழுதச் சொல்லு, நல்லா திட்டி எழுதச் சொல்லு"ன்னு ஒரே கூத்து. ரொம்ப நாளைக்கு அப்புறம் உங்க பேச்சை எடுத்து நான் தலை நிமிர்ந்து சிரிச்சேங்க.

ஆனா ஏன் போன் வரலை? போன வாரமும் வரலை, இன்னைக்கும் வரலை. சின்னது குளிச்சுத் தலை வாரி, புது கவுன் போட்டு உக்காந்திருந்தது. போன்ல தெரியாதுடின்னா கேக்குதா? மத்தியானம் வரைக்கும் இருந்துட்டு, அப்படியே தூங்கிடுச்சு. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?

நீங்க எழுதுங்க. அது உங்களைக் காப்பாத்தும்னா எத்தனை நோட்டு வேணும்னாலும் வாங்கித் தர்றேன்.

உங்கள் தையல்காரி

ஜூலை 21, திங்கள்

என் தையல்காரிக்கு,

கோவிச்சுக்காதே. ஆபீஸ் போன் ரிப்பேர். மூணு வாரமா யாருமே வீட்டுக்குப் பேசலை. வர்ற ஞாயிறு சரியாயிடும், கண்டிப்பா கூப்பிடறேன்.

ஒரு சந்தோஷ சமாச்சாரம். இன்னைக்கு என் கவிதை பலகை ஏறிடுச்சு! வாத்தியாரம்மா வாசிக்கும்போது ஒருத்தன் மூச்சுவிடலை. உன்னைப் பத்தினதுதான்.

குளியலறைக் குழாயைத்
திறந்துவிட்டு அழுகிறாள்.
வாளி நிறைந்து வழிகிறது.
வெளியே வரும்போது
முகம் துடைத்திருக்கிறது.
குழந்தை கேட்கிறது,
"எவ்வளவு நேரம்மா குளிப்பே?"

பிடிச்சிருக்கா? சின்னதுக்கு முத்தம்.

உன் லிப்ட்காரன்

ஜூலை 27, ஞாயிறு

என்னங்க,

வியாழக்கிழமை உங்க கவிதை வந்தது. அப்ப நீங்க கதவுக்கு வெளியே நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க. கேட்டும் ஒரு தடவைகூடத் தட்டலை. அதுக்கே வயிறு எரிஞ்சுது. ஆனாலும், போகட்டும், இப்பவாவது மனசுல உறைச்சுதேன்னு தேத்திக்கிட்டேன்.

நேத்து உங்க பக்கத்துக் கட்டில்காரர் வீட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை அவரை வெளியே விட்டுட்டாங்களாம். நல்ல மனுஷன். வாசல்ல நின்னு, "குழாய்க் கவிதையில வர்றது நீங்கதானாம்மா?"ன்னு கேட்டார். எனக்கு உடம்பு கூசிப் போச்சு. அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கோங்க, உங்க ஞாயித்துக்கிழமை மூணும் என்கிட்டதான் இருந்துச்சு"ன்னார்.

எனக்குப் புரியலை. அவரே விவரமா சொன்னார். எந்தக் கவிதை பலகை ஏறும்னு உங்களுக்குள்ள பந்தயமாம். காசு கிடையாதுங்கிறதால, போன் பேசுற முறையை வச்சு ஆடுவீங்களாம். மூணு வாரமும் எங்களை வச்சுத் தோத்தீங்களாம். அவர் அவங்க வீட்டம்மாகிட்ட இருபது நிமிஷம் பேசினாராம். நாலாவது வாரம், "இப்ப ஒண்ணு இறக்கறேன் பாரு"ன்னு சவால் விட்டுட்டுத்தான் என் அழுகையை எடுத்துப் போட்டீங்களாம்.

அட, நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டீங்களே! மிஷின் போனப்பகூட இப்படி அழலைங்க. அது இரும்பு. சீட்டை விடத்தானே பேனாவைக் கையில கொடுத்தாங்க? அதையும் சீட்டாக்கிட்டீங்களே. நான் யார்கிட்டயும், எங்கம்மாகிட்டகூடச் சொல்லாத அழுகை அது. கடைசித் துருப்பு மாதிரி கையில வச்சிருந்து இறக்கியிருக்கீங்க. ஜெயிச்சும் இருக்கீங்க. சந்தோஷ சமாச்சாரம்னு எனக்கே எழுதவும் செஞ்சீங்க.

இன்னைக்குக் காலையில போன் அடிச்சுது. நான்தான் எடுக்கலை. சின்னது எடுக்க ஓடுச்சு, கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன். அந்தப் பத்து நிமிஷம் நீங்க என்னை வச்சு ஜெயிச்சது. எனக்கு வேண்டாம்.

கவிதை நல்லா இருக்கு. பொய் சொல்ல மாட்டேன், கேட்டவங்க மூச்சுவிடாம இருந்திருப்பாங்க. அங்கேயே இருந்து எழுதுங்க, குணமாகுங்க. ஆனா என்னைப் பத்தி ஒரு வரி எழுதக் கூடாது. இனி எனக்கு எதையும் அனுப்பவும் வேண்டாம்.

போன் ரிப்பேர் இல்லைன்னு சின்னதுகிட்டச் சொல்லிட்டேன். "அப்புறம் ஏம்மா அப்பா பேசலை?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. அதுக்கு நான் பதில் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். என்னைக்கு வெளியே வர்றீங்களோ அன்னைக்கு நேரா வந்து, அவ முன்னால உக்காந்து நீங்களே சொல்லுங்க. எதுகை மோனையெல்லாம் இல்லாம சொல்லுங்க. அவளுக்கு ஏழு வயசு, நேரா சொன்னாத்தான் புரியும்.

சின்னதின் அம்மா