பயணப்படியை அச்சாரம் என்று சொல்லி கஞ்சா மருந்து ஆய்வுக்கு ஆள் கட்டியது பற்றி

அனுப்புநர்:
த. பாக்கியசீலன் (வயது 58),
முருங்கைக்காய் மொத்த வியாபாரம்,
மார்க்கெட் தெரு, திசையன்விளை,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: பாளையங்கோட்டை பொதிகைச்சாரல் மருந்து ஆய்வு மையம் – கஞ்சாச் சாறு மருந்து ஆய்வு – சேர்வதா வேண்டாமா என்று நான் முடிவெடுக்கும் முன்பே என்னையும் பிறரையும் பொய் சொல்லிக் கட்டிப்போட்டது – நிபந்தனைகளைத் தமிழில் எழுதித் தர உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த 14.07.2025 திங்கட்கிழமை மேற்படி மையத்தில் என் கையில் ஒரு கவரைக் கொடுத்தார்கள். உள்ளே ஐந்நூறு ரூபாய் இருந்தது. நான் வாங்கிக்கொண்டேன். நடந்தது இவ்வளவுதான். அந்தக் கவரைச் சொல்லியே நாலு வாரம் என்னை ஆட்டிவைத்தார்கள் என்பதும், என்னைவிட எளியவர்களை இன்னும் ஆட்டிவைக்கிறார்கள் என்பதும் இந்த மனுவின் சாரம்.

2. எனக்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை. ஐந்து வருடமாக இரண்டு பாதங்களிலும் எரிச்சல். காய் வந்து இறங்கும் நேரத்திலிருந்து லோடு கிளம்பும் வரை சிமெண்ட் தரையில் நின்று ஏலம் விடுவது என் தொழில். உட்கார்ந்துகொண்டு ஏலம் விடுகிறவனிடம் விவசாயி காய் கொண்டுவர மாட்டான்; சீக்காளி, நாளைக்குக் கடை இருக்குமோ இருக்காதோ என்று அடுத்த மண்டிக்குப் போய்விடுவான். நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரை எரிச்சலைக் குறைத்தது, கூடவே என் புத்தியையும் குறைத்தது. கிலோ நாற்பத்திரண்டுக்குக் கேட்ட காயை இருபத்துநாலுக்கு முடித்துவிட்டு நின்றேன். அன்றோடு மாத்திரையை விட்டேன். எரிச்சல் திரும்ப வந்தது.

ஆகவே, நீரிழிவு நரம்பு வலிக்குக் கஞ்சாச் சாறு, தன்னார்வலர்கள் தேவை, ஊக்கத்தொகை உண்டு என்ற துண்டுப் பிரசுரம் கைக்கு வந்தபோது நான் சிரிக்கவில்லை. மார்க்கெட் சிரித்தது. பக்கத்து எலுமிச்சை மண்டிக்காரர் காஜா முகைதீன் நாலு பேர் நிற்கும்போதே, "அண்ணாச்சி, கஞ்சா அடிச்சா பிடிச்சு உள்ள போட்ட காலம் போயி, துட்டுக் குடுத்துக் கூப்பிடுத காலம் வந்துட்டுல்லா! எனக்கும் ஒரு டோக்கன் போட்டு வையும் வே" என்றார். அவருக்குக் கால் எரியவில்லை, சிரிக்கலாம்.

3. சேருவதென்று நான் போகவில்லை, விசாரிக்கப் போனேன். மூட்டையைப் பிரித்துக் காட்டாதவனிடம் நான் விலை பேசியதில்லை. அங்கே கள ஒருங்கிணைப்பாளர் என்று கழுத்தில் அட்டை மாட்டிய வன்னியராஜ் என்பவர் என்னிடம் பேசினார். அவர் அப்பாவுக்குச் சாத்தான்குளத்தில் கடை இருந்ததாம். எங்கள் பழக்கவழக்கம் எல்லாம் தெரிந்தவர் என்பதைத் தாங்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். பன்னிரண்டு வாரம், எட்டு முறை வர வேண்டும், முறைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய், தினம் இரண்டு வேளை நாக்குக்கு அடியில் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார். நான் நாலு கேள்வி கேட்டேன்.

பாட்டிலோடு பஸ்ஸில் வரும்போது போலீஸ் பையைத் திறந்தால் எந்தக் காகிதத்தைக் காட்டுவது? அதற்கு அவர் சொன்னது: "நீங்க எதுக்கு அண்ணாச்சி கஞ்சான்னு சொல்லுதிய? கால்வலித் தைலம்னு சொல்லிட்டு வர வேண்டியதான." நாக்குக்கு அடியில் விடுகிற சொட்டைக் கால்வலித் தைலம் என்றால் நம்புகிற போலீஸ்காரரை இந்த ஜில்லாவில் நான் சந்தித்ததில்லை.

மருந்து எடுக்கும் நாட்களில் பைக் ஓட்டலாமா? தோட்டம் தோட்டமாகப் போய்க் காய் பார்க்கிறவன் நான். அதற்குப் பதில்: "பைய ஓட்டுங்க." மெதுவாக ஓட்டினால் போதுமாம்.

ஏதாவது ஆகிவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? "நல்ல வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி. ஒண்ணும் ஆவாது." இதை ஒரு விஞ்ஞான நிலையத்தின் பதிலாக இங்கே பதிவு செய்கிறேன்.

கடைசியாக, மருந்து எனக்குக் கேட்டு எரிச்சல் நின்றுவிட்டால் பன்னிரண்டு வாரம் முடிந்த மறுநாள் அதை நான் எங்கே போய் வாங்குவது? இதற்கு வன்னியராஜ் சிரித்தார். "மொதல்ல கேக்கட்டும், பொறவு பாப்போம்" என்றார். ஐயா, மற்ற மூன்றுக்கும் பதில் இல்லாததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். கால் எரிகிறவனிடம் எரிச்சல் நின்றால் என்ன செய்வது என்று யோசிக்காமலே ஒரு ஆய்வு நடத்துகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பதில் சொல்லாமலே இரத்தம் எடுத்தார்கள். கவரைக் கொடுத்து ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். கவரின் மேல் பயணப்படி என்று எழுதியிருந்தது.

4. ஊருக்கு வந்து யோசித்தேன். 26-ஆம் தேதி வன்னியராஜ் போனில் கூப்பிட்டு, நாளைமறுநாள் அடுத்த பரிசோதனை என்றார். நான் இன்னும் முடிவெடுக்கவில்லை, கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். அதற்கு அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன்: "என்ன அண்ணாச்சி இப்பிடிச் சொல்லுதிய? அச்சாரம் கைமாறியாச்சுல்லா. திசையன்வெள ஏவாரி அச்சாரம் வாங்கிட்டுப் பின்வாங்குதாருன்னு நான் எங்க டாக்டர்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்?"

தாங்கள் வெளியூர்க்காரராக இருக்கலாம் என்பதால் விளக்குகிறேன். எங்கள் பக்கத்து வியாபாரத்தில் காகிதம் கிடையாது. கைக்கு அச்சாரம் வந்துவிட்டால், அது பத்து ரூபாயானாலும், பேச்சு முடிந்தது. மறுநாள் விலை இரட்டிப்பானாலும் பேசிய விலைக்கே சரக்கு போகும். மீறினவனுக்கு அடுத்த மாதம் ஒரு கூடை காய்கூட வராது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, இன்னொருவர் மண்டியில் கூடை தூக்கி, சொந்தக் கடை போட்டு முப்பத்தோரு வருடம் ஆகிறது. ஒரு அச்சாரத்தையும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை.

எனவே 28-ஆம் தேதி போனேன். ஆகஸ்ட் 4-ஆம் தேதியும் போனேன். மறுபடி இரத்தம், சிறுநீர், இருதயப் படம் எல்லாம் எடுத்தார்கள். மனதில் ஒப்பாமலே கையை நீட்டினேன். பஸ் கட்டணத்தை அச்சாரமாக எடுத்துக்கொள்ளும் முட்டாள்தனத்தை ஒரு படித்தவர் செய்திருக்க மாட்டார்; நான் செய்தேன். அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. எங்கள் வாக்குச் சுத்தத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதையே தூண்டிலாகப் போட்டவருக்குத்தான் வெட்கம் வர வேண்டும். வரவில்லை என்பதால் தங்களுக்கு எழுதுகிறேன்.

5. நாலாம் தேதி ஒப்புதல் படிவம் என்று இரண்டு கட்டுக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருபத்திரண்டு பக்கம், தமிழில் பதினான்கு பக்கம். ஒரே சரக்கு, எடையில் எட்டுப் பக்கம் குறைகிறது. தமிழ்க் கட்டில் இருப்பதைத் தமிழ் என்று சொல்வதும் தாராள மனசுதான்: "பங்கேற்பாளர் தன் பங்கேற்பின் பங்கேற்புத்தன்மையை உறுதி செய்கிறார்" என்று ஒரு வரி. மூன்று முறை படித்தேன், நாலாவது முறை படிக்க என் வயது இடம் கொடுக்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருக்கும் என் மகள் ஸ்டெபி ஆங்கிலக் கட்டைப் படித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்து, "அப்பா, எப்ப வேணும்னாலும் காரணம் சொல்லாம விலகலாம்னு போட்டுருக்கு. வாங்குன பணத்தத் திருப்பிக் கேக்க மாட்டோம்னும் போட்டுருக்கு. ஒங்கள யாருப்பா கட்டிப்போட்டா?" என்று கேட்டாள். கட்டிப்போட்ட கயிறு என்னுடையதுதான். மருந்து எடுக்கும் நாட்களில் வாகனம் ஓட்டவே கூடாது என்று பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. வன்னியராஜின் "பைய ஓட்டுங்க" எந்தப் பக்கத்திலும் இல்லை. இந்த இரண்டு பக்கங்களும் தமிழ்க் கட்டில் கிடையாது. குறைந்த எட்டுப் பக்கம் எவை என்று இப்போது தங்களுக்கு விளங்கியிருக்கும்.

6. 11-ஆம் தேதி இரண்டு கட்டுகளையும் எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு மருந்துப் பாட்டில் கொடுப்பதாக இருந்தது. படிவத்தில் கையெழுத்துப் போடவும் பாட்டிலை வாங்கவும் மறுத்துவிட்டேன். வெளியே பெஞ்சில் சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்த சொர்ணாம்பாள் என்ற அம்மா, நடவு வேலைக்குப் போகிறவர், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்பே சேர்ந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பவர். என்ன என்று கேட்டேன்.

"தல கெறங்குது அண்ணாச்சி. வரப்புல ரெண்டு தரம் விழுந்துட்டேன். நிப்பாட்டிக்கிடுதேன்னு சொன்னா, அச்சாரம் வாங்கியாச்சு, மூணு தரம் வாங்குன மூவாயிரத்தி அறுநூறையும் வச்சிட்டுப் போன்னு அந்தத் தம்பி சொல்லுதாவ. அதுக்கு நான் எங்கன போவேன்?"

ஒன்பதாம் பக்கத்தில் இருப்பதை அவருக்குச் சொன்னேன். அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இத அவுகல்லா சொல்லணும். நீங்க சொன்னா செல்லுமா?" என்று கேட்டார். செல்லாது. அதனால்தான் இந்த மனு. எனக்குப் படித்த மகள் இருக்கிறாள், அவருக்கு இல்லை. எங்கள் இருவருக்கும் வேறு வித்தியாசம் ஒன்றும் அந்தப் பெஞ்சில் நான் காணவில்லை.

7. 18-ஆம் தேதி தலைமை ஆய்வாளர் டாக்டர் குமரகுருபரன் என்னைப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் எண்ணெய், யாருக்கு எது என்று தனக்கே தெரியாது என்றார். தெரிந்தால் வலி குறைந்ததாக வாய் தானாகச் சொல்லும் என்றார். இது ஒன்று எனக்குச் சரியாகப் பட்டது. புதுத் தராசைச் சோதிக்கும்போது நானும் எடைபோடுகிறவனிடம் சரியான எடையைச் சொல்வதில்லை. அச்சாரம் என்ற பேச்சே தனக்குத் தெரியாது என்றார். தன் வாசலில் நாலு வாரம் நடந்த பேச்சு டாக்டருக்குத் தெரியாமல் இருந்தது அவருடைய படிப்புக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை. என் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேட்டேன். "எழுதித் தரணும்னா சென்னை ஆபீஸ்ல கேக்கணும், வாயால சொல்லுதேன், நம்புங்க" என்றார். வாய்ப்பேச்சிலேயே முப்பத்தோரு வருடம் வியாபாரம் செய்த என்னிடம், இருபத்திரண்டு பக்கம் அச்சடித்தவர்கள் வாய்ப்பேச்சை நம்பச் சொல்கிறார்கள்.

8. 22-ஆம் தேதி வன்னியராஜ் என் கடைக்கே வந்தார். மற்றவர்களிடம் இதைப் பேசாமல் இருந்தால், "ஒங்களுக்கு மட்டும் முறைக்கு ரெண்டாயிரம் போட்டுத் தாரேன் அண்ணாச்சி, யார்கிட்டயும் சொல்லாண்டாம்" என்றார். கேட்காமல் ஒருவர் விலையை ஏற்றினால் சரக்கின் அடியில் சொத்தை இருக்கிறது என்று மார்க்கெட்டில் கூடை தூக்குகிறவனுக்கும் தெரியும். கடையில் ஆள் இருக்கும்போதே, "எந்திச்சிப் போடே" என்று சொல்லி அனுப்பினேன். அந்த வார்த்தைக்காகத் தாங்கள் என்னைக் கண்டித்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

9. இவ்வளவுக்குப் பிறகும் இவனுக்கு ஆய்வு எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். என் வீட்டிலும் அதைத்தான் கேட்கிறார்கள். எங்கள் சர்ச் சபையில் இரண்டு பேர், நான் கஞ்சாவுக்காகக் கலெக்டர் வரை போகிறேன் என்று பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் ஜெபத்தில் என்னை நினைக்கட்டும். என் கால் இன்றைக்கும் எரிகிறது. இந்தச் சொட்டு எனக்குக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். அதைத் தெரிந்துகொள்ள வேறு வழி எனக்கு இல்லை, எனக்குப் பின்னால் வரும் சர்க்கரைக்காரர்களுக்கும் இல்லை. ஆய்வை மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூடினால் வன்னியராஜ் வேறு வேலைக்குப் போவார். எரிச்சல் எங்களோடு இருக்கும். சேர்வதா வேண்டாமா என்ற முடிவை நான் எடுக்க வேண்டும், என் சார்பில் ஒரு கவர் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் என் வழக்கு.

10. ஆகையால், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் மூலம் மேற்படி மையத்தை விசாரிக்கவும், விடுபட்ட பக்கங்களையும் சேர்த்து, வாசித்தால் விளங்குகிற தமிழில் படிவம் கொடுக்கச் செய்யவும், ஏற்கனவே சேர்ந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு, விலகலாம் என்பதை வன்னியராஜ் அல்லாத ஒருவர் வாயால் சொல்லவைக்கவும் வேண்டுகிறேன். சொர்ணாம்பாளுக்கு இந்த வாரமே இதைச் சொல்ல வேண்டும். கதிர் முற்றும்வரை வரப்பு காத்திருக்கும், அவர் தலை காத்திருக்காது.

11. 30.08.2025 அன்று டாக்டர் குமரகுருபரன் போனில் கூப்பிட்டு, சென்னையில் கேட்டாயிற்று என்று சொல்லிக் கீழ்க்கண்டவற்றுக்கு ஒப்பினார். என் மகளும் ஸ்பீக்கரில் கேட்டாள். இன்னும் எழுதித் தரவில்லை; தங்கள் உத்தரவால் இவை மையத்தின் முத்திரையோடு தமிழில் எழுத்தாக வந்த மறுநாள் நான் ஆய்வில் சேருவேன். வராவிட்டால் சேர மாட்டேன். பாட்டிலோடு போகிறவர் ஒவ்வொருவருக்கும் போலீசிடம் காட்ட டாக்டர் கையெழுத்திட்ட கடிதம். மருந்தால் வரும் பாதிப்புக்கு வைத்தியச் செலவு முழுவதும் மையத்துடையது, சொர்ணாம்பாளின் தலைச்சுற்றல் உட்பட. மருந்தால் குணம் கண்டவர்களுக்கு ஆய்வு முடிந்த பின் ஆறு மாதம் இலவசமாக அதே மருந்து. நடுவில் நிற்கிறவரிடம் காரணமும் கேட்பதில்லை, வாங்கிய பணமும் கேட்பதில்லை. கூலி, வருகை ஒன்றுக்கு ரூபாய் ஆயிரத்து இருநூறு. திசையன்விளை வியாபாரிக்கும் சீவலப்பேரி நடவுக்காரிக்கும் அதே ஆயிரத்து இருநூறு.

இடம்: திருநெல்வேலி
நாள்: 08.09.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
த. பாக்கியசீலன்