அல்வாவுக்கு ஏ ஷிப்ட், மிக்சருக்கு பி ஷிப்ட்

பிப்ரவரி 3, திங்கள்

மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் காய்ந்த புல். கூண்டுக்குள் இரண்டு கினிப் பன்றிகளும் ஆளுக்கொரு மூலை. என் அல்வாவின் காதோரம் முடி பிய்ந்திருக்கிறது. நேற்று வந்த மிக்சர், பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தான்.

இவர் வாங்கி வந்தது. "அல்வா ஒத்தையில கெடக்கான்லா, ஒரு கூட்டாளி வேணும்லா" என்று படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கல்யாணமான எட்டு மாதத்தில் எனக்கு ஒரு முழம் பூவைக்கூட இத்தனை பத்திரமாகக் கொண்டுவந்ததில்லை.

எனக்கு மிக்சர் வேண்டாம். இதை இங்கே எழுதலாம், அவரிடம் சொல்ல முடியாது. கம்பெனியில் எனக்குக் காலை ஏ ஷிப்ட், அவருக்கு மூன்று மணிக்குத் தொடங்கும் பி ஷிப்ட். சாயங்காலம் முழுக்க இந்த வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை அல்வாதான். அவனைக் கடிக்கிறவனை நான் எப்படிக் கொஞ்சுவது?

பிப்ரவரி 4, செவ்வாய்

மிக்சரை விற்ற கடைக்கார பாபுவுக்கு போன் போட்டேன். "ரெண்டும் ஆணு மேடம், பழக டைம் எடுக்கும். ஒத்தே வரலைன்னா தனித்தனி கூண்டுதான். அதுக்கு எடம் இல்லன்னா பதினாறாந்தேதிக்குள்ள திருப்பிக் குட்துருங்க."

எங்கள் வீடே ஒரு ரூம். கட்டில், பீரோ, அடுப்பு, ஒரு கூண்டு. இன்னொரு கூண்டு வந்தால் நாங்கள்தான் வெளியே படுக்க வேண்டும். இவரிடம் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ குடுத்துருவமா பிரியா?" என்றார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பாப்போம்" என்று வந்தது.

பிப்ரவரி 5, புதன்

என் வீட்டுக்காரர், லைன் லீடர் இசக்கிபாண்டி அவர்கள், வீட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். காலை ஆறு முதல் மூன்று வரை அல்வா கூண்டில், மிக்சர் அட்டைப்பெட்டியில். மூன்று மணிக்கு மாற்றம். நான் வந்ததும் ஆளை மாற்றிவிட வேண்டுமாம். சந்தித்தால்தானே சண்டை என்கிறார். ஓ.டி. மட்டும்தான் போடவில்லை. ஆனாலும் யோசனை நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பிப்ரவரி 7, வெள்ளி

அம்மா போனில்: "பெருச்சாளிக்கு ஷிப்டா? ஒங்க ரெண்டு பேருக்கும் கிறுக்கு புடிச்சிருக்கா?"

பிப்ரவரி 8, சனி

இன்று ரத்தம்.

மூன்று மணி மாற்றத்தில் அல்வாவை வெளியே எடுப்பதற்குள் அவசரப்பட்டு மிக்சரை உள்ளே விட்டுவிட்டேன். ஒரே நொடி. மிக்சரின் உதட்டில் சொட்டு ரத்தம். கடித்தது யார்? என் செல்லம்தான். மிக்சர் என் கையில் கிடந்து நடுங்கினான். அய்யோ, எவ்வளவு சின்ன நெஞ்சு, அது என்ன அடி அடிக்குது! பாவம்லா அது. நான் என்ன பொம்பள, ஆறு நாளா இதைத் தொட்டுக்கூடப் பாக்கலையே.

துடைத்து மஞ்சள் வைக்கும்போதுதான் உறைத்தது. முந்தின ஷிப்ட்காரி என் டேபிளில் பிசினை ஒட்டவிட்டுப் போனால் எனக்கு எப்படிக் கோபம் வரும்! இவர்களுக்கும் அதேதான். உள்ளே போகிறவனுக்கு முதலில் வருவது மற்றவனின் வாசம். என் இடத்தில் எவன் உட்கார்ந்தது என்று தினமும் கொதிக்கிறார்கள். பழக்குகிறோம் என்று நாங்கள் பகையை வளர்த்திருக்கிறோம்.

பாபுவிடம் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே நேரமானது. "கம்பெனியா மேடம் அது? சின்னக் காயந்தான், மஞ்சளே போதும். ரெண்டு பேருக்குமே புது எடமா பாத்து ஒண்ணா வுடுங்க. சும்மா சும்மா பிரிக்காதீங்க, பிரிச்சா திரும்ப மொதல்லேந்து ஆரம்பிக்கும்."

பிப்ரவரி 9, ஞாயிறு

இருவரும் கால் வைக்காத இடம் மொட்டை மாடிதான். காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன், நிழலில் அட்டைகளால் வேலி கட்டி இரண்டு பேரையும் விட்டோம். கொத்தமல்லி இரண்டு குவியல்.

முதலில் பல்லை நறநறத்தார்கள். பிறகு மிக்சர் இடுப்பை ஆட்டி ஆட்டிச் சுற்றினான். அல்வா முடியைச் சிலிர்த்து இரண்டு மடங்கானான். இவர் கை மூன்று தடவை வேலிக்குள் போனது, மூன்று தடவையும் நான் இழுத்தேன். நாலாவது தடவை போனது என் கை. "கைய எடுட்டி" என்று அவர் பிடித்துக்கொண்டார்; அப்படியே விடவில்லை. ஒரு மணி நேரம் போயிருக்கும். அல்வா ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மிக்சரின் குவியலில் போய் வாய் வைத்தான். மிக்சர் நகர்ந்து இடம் கொடுத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு பழைய வாசம் போகக் கூண்டை வினிகர் போட்டுக் கழுவி, கட்டிலுக்கடியில் கம்பிவலையால் நீளமாக இழுத்துக் கட்டினோம். தட்டு இரண்டு, தண்ணீர் பாட்டில் இரண்டு. ஒருவன் மறித்தால் மற்றவன் ஓட வேண்டுமே, அதனால் அட்டை வீட்டுக்கும் இரண்டு வாசல். வீட்டுக்கார செல்லம்மாள் அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, எலிக்கு ரெண்டு வாசலு? நான் உங்களுக்கு வுட்ட வூட்டுக்கே ஒண்ணுதான் கீது."

சுவரில் இருந்த தாளை இவரே கிழித்தார்.

பிப்ரவரி 12, புதன்

சாயங்காலம் மறுபடியும் நறநற. பிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லைனில் ஒன்பது மணி நேரம் நிற்பதைவிட இது கஷ்டம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மிக்சரைத் திருப்பிக் கொடுக்கக் கடைசி நாள். இவரும் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு வந்தோம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மிக்சருக்கு நகம் வளர்ந்துவிட்டது. வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று இவர் நாலு மணிக்கு அவனைக் கூடையில் வைத்து பாபு கடைக்குக் கொண்டுபோனார்.

அவர் படி இறங்கின கொஞ்ச நேரத்திலேயே அல்வா கம்பியைப் பிடித்து நின்று கத்த ஆரம்பித்தான். வெள்ளரி கொடுத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடியில் வைத்தேன், இறங்கிப் போய் மிக்சர் படுக்கிற பக்கத்துப் புல்லில் முகத்தை வைத்துக்கொண்டான். கட்டிலுக்கடியில் அந்தப் பாதி காலியாகக் கிடந்தது. ஐந்தரை ஆகியும் ஆளைக் காணோம். பொறுக்க முடியாமல் போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க? சீக்கிரம் அவனைக் கூட்டிட்டு வாங்க."

"வந்துகிட்டேதான் இருக்கேன். யாருக்கு இப்படித் தேடுது, அல்வாவுக்கா, ஒனக்கா?"

ரெண்டு பேருக்கும்தான் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.