ஓட்டுச் சாவடியில் சொன்ன பெயர்

சித்திரபுரம்,
2-2-1977

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அத்தையும் நலம். பொங்கலுக்கு வருவதாக எழுதினீர்கள். உங்களுக்கென்று உங்கள் அம்மா எடுத்துவைத்த அதிரசத்தை எறும்பு தின்றுவிட்டது.

தேர்தல் வருகிறதல்லவா. இந்தத் தடவை எஸ்டேட்டின் மூன்று யூனியனும், மாதா கோவிலும், மாரியம்மன் கோவில் கமிட்டியும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. யாருக்கு வேண்டுமானாலும் போடு, ஆனால் போடாமல் இருக்காதே என்று வீடு வீடாகச் சொல்கிறார்கள். எங்கள் லயத்து வீடுகளுக்கெல்லாம் அடுத்த வீட்டு அன்னமேரி பொறுப்பு. போன தேர்தலில் பெண்களில் பாதிப் பேர் சாவடி வரை போய்த் திரும்பினோம். அதிகாரி கணவர் பெயரைக் கேட்டார். கட்டியவர் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்றே வளர்ந்தவர்கள் நாங்கள், என்ன செய்வது? நீங்கள் வந்து ஆண்கள் வரிசையில் நின்றால் கையைக் காட்டித் தப்பித்துக்கொள்வேன். வாருங்கள்.

மேல்விலாசத்தில் உங்கள் பெயரை வழக்கம்போல் அன்னமேரி எழுதினாள்.

சாந்தம்மாள்


கொழிஞ்சாம்பாறை,
14-2-1977

அன்புள்ள சாந்தாவுக்கு,

மில்லில் கடலை ஆட்டும் காலம். முதலாளி கந்தப்பன் லீவு தரமாட்டார். தவிர, ஓட்டுக்கு நான் இங்கேயே பெயர் சேர்த்துக்கொண்டேன். எனக்குச் சமைத்துப் போடும் மருதாத்தாளின் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

சித்திரையில் வருவேன் என்று அம்மாவிடம் சொல். ஓட்டு ஓட்டு என்று அலையாதே. உன் ஒரு ஓட்டு இல்லாமல் யாரும் தோற்கப்போவதில்லை. கண்டவர் முன்னால் என் பெயரைச் சொல்லிவைக்காதே. ஏற்கனவே நெஞ்சு வலிக்கிறது.

பெரியமுத்து


சித்திரபுரம்,
26-2-1977

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை அத்தைக்குப் படித்துக்காட்டினேன். மருதாத்தாள் வரியை மட்டும் விட்டுவிட்டேன். இருக்கப்போகிற இடத்தில்தான் பெயர் சேர்க்க வேண்டும் என்று அன்னமேரி எல்லோருக்கும் சொல்லிவருகிறாள். அதனால் உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. வருத்தம் இருக்கிறது.

பெயர் சொல்லக் கமிட்டி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. முன்னால் நிற்பவளின் கணவர் பெயரைப் பின்னால் நிற்பவள் சொல்லிவிடுவாள். மாதா கோவில் மண்டபத்தில் வரிசையாக நின்று பழகினோம். என் பின்னால் பூமாரி. உங்கள் பெயரை அவள் கூச்சமில்லாமல் சொல்கிறாள்.

நெஞ்சு வலிக்கு டாக்டரைப் பாருங்கள். சித்திரையில் என்றைக்கு என்று அத்தை கேட்கிறார்கள்.

சாந்தம்மாள்


சித்திரபுரம்,
25-3-1977

பெரியமுத்து அவர்களுக்கு,

பதில் வரவில்லை. ஓட்டு முடிந்துவிட்டது.

எங்கள் ஏற்பாட்டை அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. "அவரவரு தன்னே பறயணும்" என்றார், அவரவரேதான் சொல்ல வேண்டுமாம். எனக்கு முன்னால் இருந்த இருவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்கள். "வா அக்கா, நாமளும் போயிருவோம்" என்றாள் பூமாரி. எனக்குப் போகப் பிடிக்கவில்லை. இன்னொருத்தி வீட்டு விலாசத்தில் இருப்பவரின் ஆயுசுக்காக நான் ஏன் திரும்ப வேண்டும்? சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. விரலில் மை வைத்தார்கள்.

அடுத்துப் பூமாரியும் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் ஆண்கள் வரிசையில் பீடியோடு நின்றிருந்தார். "சொல்லியாச்சு, மனுசன் நல்லாத்தான நிக்காரு" என்று சிரித்தாள். திரும்பிப்போன இருவரையும் அன்னமேரி பாதி வழியில் பிடித்துக் கூட்டிவந்தாள். கால் முடியாத அத்தையைத் தவிர எங்கள் லயத்தில் யாரும் விட்டுப்போகவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் நடந்ததைச் சொன்னேன், மருதாத்தாளையும் சேர்த்து. திட்டுவார்கள் என்று நினைத்தேன். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். பிறகு, "எங்க, எம் மகன் பேர இன்னொரு தடவ சொல்லு" என்றார்கள். சொன்னேன். "நல்ல பேராத்தான் வச்சேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவர்களைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். நான் இனிக் காத்திருக்கமாட்டேன்.

மேல்விலாசத்தை இந்தத் தடவை நானே எழுதினேன்.

சாந்தம்மாள்