தங்கச்சி பெயரில் ஒரு பொடி

என்னங்க,

மஞ்சள் பால் பொடியைப் புதிதாக அரைத்து அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன். ஈரக் கரண்டி போடாதீர்கள், கட்டி தட்டிவிடும். பால் பொங்கியதும் அரைக் கரண்டி போட்டு, தீயைக் குறைத்து இன்னொரு கொதி விடுங்கள். இல்லாவிட்டால் பச்சை வாசனை போகாது. இந்தத் தடவை மிளகு கொஞ்சம் தூக்கல். உங்கள் இருமலுக்காகத்தான்.

நேற்று உங்கள் தலைமை ஆசிரியரின் மனைவி கடைத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க நாத்தனார் அரைச்ச பொடியிலதான் சாருக்குத் தொண்டை சரியாச்சாமே! எனக்கும் கொஞ்சம் வாங்கித் தாங்களேன்" என்றார். மஞ்சளை உடைத்து, சுக்கைத் தட்டி, ஏலக்காயும் பட்டையும் வறுத்து, கை வலிக்க இடித்துச் சலித்தவள் நான். தலையாட்டிவிட்டு வந்தேன்.

உங்களைக் கேட்டால், "பொண்டாட்டி அரைச்சான்னு சொன்னா ஸ்டாஃப் ரூம்ல பொண்டாட்டிதாசன்னு கிண்டல் பண்ணுவாங்கடி. தங்கச்சின்னு சொன்னா என்ன குறைஞ்சு போச்சு?" என்கிறீர்கள். என்ன குறைந்தது என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். உங்களுக்கு எதுவும் குறையவில்லை.

அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். எப்போது வருவேன் என்று தெரியாது. சாப்பாடு மேஜைமேல் மூடி வைத்திருக்கிறேன்.

பின்குறிப்பு: உங்கள் தங்கைக்குப் போன் செய்தேன். "ஐயோ அண்ணி, எனக்கு அந்த வாசனையே ஆகாதே!" என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

இன்னொன்று: ராத்திரி எனக்கு போன் செய்யாதீர்கள். எடுத்துத் தொலைப்பேன்.